மாலையில் எடுத்த ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை நம்பி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்து ஊரிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 37. ஓசூரில் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். உயரம் 170 செ.மீ., எடை 94 கிலோ. ஆறு வயதில் ஒரு மகள். இரண்டாவது குழந்தைக்கு இரண்டு வருடமாக முயன்றும் தங்கவில்லை. ஒரு வருடமாக எந்நேரமும் அசதி, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை, எப்போதாவது நாட்டம் வந்தாலும் விறைப்பு பாதியிலேயே போய்விடுகிறது என்கிறார். மூன்று மாத சராசரி சர்க்கரை 6.3.

போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, பெங்களூரில் ஆண்களுக்கென்று நடத்தப்படும் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். காலை ஷிப்ட் முடிந்து, வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, அங்கே போய்ச் சேரும்போது மாலை ஐந்து மணி. ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 238, மிகவும் குறைவு, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி வீதம் ஆறு மாத ‘பேக்கேஜ்’ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். முன்பணமும் கட்டிவிட்டார். ரிப்போர்ட்டைக் கையில் தரவில்லை, திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். முதல் ஊசி இன்னும் போடவில்லை. ஜிம்முக்குப் போகும் மச்சினன், “போடுங்க மாமா, ரெண்டு மாசத்துல ஆளே மாறிடுவீங்க” என்கிறாராம். சித்தப்பா ஒருவர், அது கேன்சரில் கொண்டுபோய் விடும் என்கிறாராம். மனைவிக்கு எதுவும் தெரியாது.

ஊசி போடலாமா, போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா, இதயத்துக்கும் புரோஸ்டேட்டுக்கும் ஆபத்தா, இது ஏறினால் குழந்தை தங்கும் வாய்ப்பும் கூடும்தானே என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஹார்மோன் மருத்துவராக என் பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் தம்பி, ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது. குழந்தை தங்கும் வாய்ப்பு கூடப்போவதில்லை. நேர் எதிராகத்தான் நடக்கும். இரண்டாவது குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரை டெஸ்டோஸ்டிரோனை எந்த வடிவத்திலும் உடம்பில் ஏற்றாதீர்கள். ஊசி, ஜெல், மாத்திரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆண்மைக்கான ஹார்மோன் ஏறினால் விந்தணுவும் ஏறும் என்று நீங்கள் நினைத்ததில் வியப்பில்லை. படித்தவர்கள், ஏன், சில மருத்துவர்கள்கூட அப்படி நினைக்கிறார்கள். உடம்பின் ஏற்பாடு வேறு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்ஹெச் போய்ச் சேர்ந்தால்தான் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். அந்த டெஸ்டோஸ்டிரோனும் எஃப்எஸ்ஹெச்சும் சேர்ந்துதான் விந்தணுவை உண்டாக்குகின்றன. ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைகளுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் தானாக நிற்கும் மோட்டார் போலத்தான் பிட்யூட்டரி. வெளியிலிருந்து லாரித் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினால் மோட்டார் ஓடாது. ஊசி போட்டதும் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்துவிடும், பிட்யூட்டரி தன் இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடும், விரைகளுக்குள் அளவு சரிந்துவிடும். சில மாதங்களில் பலருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே வந்துவிடுகிறது.

இது எவ்வளவு உறுதியாக நடக்கும் என்றால், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அந்த ஆய்வு 1990-ல் வெளியானது. குழந்தை வேண்டும் என்று போகிறவருக்கு, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் யாரும் அதைக் கேட்கக்கூட இல்லாமல், அதே வகை மருந்தை ஆறு மாதத்துக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறார்கள். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் விந்தணு திரும்பிவிடும். சிலருக்கு இரண்டு வருடம்வரை ஆகும். மிகச் சிலருக்குப் பழைய அளவுக்கு வராமலே போவதும் உண்டு.

அதனால் ஹார்மோன் பேச்சை எடுக்கும் முன்பே ஒரு விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். முடிவு சரியில்லை என்றால் சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை. மனைவியும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கட்டும். இரண்டு வருடம் என்பது பொறுத்துப் பார்க்கும் காலத்தைத் தாண்டிவிட்டது. முதல் குழந்தை பிறந்துவிட்டதே, அதனால் எனக்குக் குறை இருக்காது என்றோ, என்னிடம்தான் குறை என்றோ இப்போதே முடிவு கட்டாதீர்கள்.

அந்த 238

டெசிலிட்டருக்கு 238 நானோகிராம் என்பது தாளில் குறைவுதான். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 300-க்குக் கீழே போனால் குறைவு என்கிறது. அங்குள்ள நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 264-ஐக் கீழ் எல்லையாகச் சொல்கிறது. ஆனால் இந்த எல்லைகள் எல்லாம் காலையில் எடுத்த ரத்தத்துக்கானவை. டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாய இறங்கும். இளம் வயதில் அந்த இறக்கம் நன்றாகவே தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் குறையும். நீங்களோ வேலை முடிந்த களைப்பில், பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மாலை ஐந்து மணிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். போதாததற்கு அதற்கு முந்தைய வாரம் உங்களுக்கு நைட் ஷிப்ட். அந்த ஒரு எண்ணை வைத்து நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல என்னால் முடியாது. இத்தனை அறிகுறிகள் இருப்பதால் அளவு உண்மையிலேயே குறைவாகவும் இருக்கலாம், நான் அதை மறுக்கவில்லை. அறிகுறியும் இருந்து, வேறு வேறு நாட்களில் காலையில் எடுத்த இரண்டு பரிசோதனைகளும் குறைவாக வந்தால்தான் குறைபாடு என்று பெயர்.

திரும்பப் பரிசோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

பகல் வேலை வாரமாகப் பார்த்து, மூன்று நான்கு இரவாவது ஒழுங்காகத் தூங்கிய பிறகு, வெறும் வயிற்றில் காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள் ரத்தம் கொடுங்கள். காய்ச்சல் வந்து போயிருந்தால் சில வாரம் தள்ளிப் போடுங்கள். இரண்டு முறையும் ஒரே லேபில் கொடுப்பது நல்லது.

மொத்த டெஸ்டோஸ்டிரோனோடு எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹார்மோனைச் சுமந்து செல்லும் இந்தப் புரதம் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் சர்க்கரைப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் குறைந்துவிடும். அப்போது மொத்த அளவு குறைவாகக் காட்டும், திசுக்களுக்குக் கிடைக்கும் அளவு சரியாகவே இருக்கும். உங்கள் எடைக்கு இது நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவது முறையும் குறைவு என்றால் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கோளாறு விரைகளிலா மூளைப் பக்கமா என்று அப்போதுதான் தெரியும். புரோலாக்டின் மிக அதிகமாக இருந்தாலோ, தலைவலியோடு பார்வை ஓரங்களில் மங்கினாலோ பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ தேவைப்படும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பொது மருத்துவப் பிரிவில் இதைத் தொடங்கலாம். ஒன்றிரண்டு ஹார்மோன் பரிசோதனையை வெளி லேபுக்கு எழுதிக் கொடுத்தாலும், பேக்கேஜ் பணத்தில் சிறு பங்குதான் ஆகும்.

ஏன் குறைந்தது?

அந்த கிளினிக்கில் கேட்காத கேள்வி இது. உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலுள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதோடு, பருமன் பிட்யூட்டரியின் சுரப்பையும் மட்டுப்படுத்துகிறது. அடுத்தது தூக்கம். ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்க வைத்துப் பார்த்த ஒரு ஆய்வில், பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. நைட் ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே நான்கு மணி நேரம் படுத்து எழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக இப்படி.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: குறட்டை தாங்காமல் மனைவியும் மகளும் அடுத்த அறையில் படுக்கிறார்கள் என்று. கடிதத்தில் என்னை நிறுத்திப் படிக்க வைத்த வரி அதுதான். 94 கிலோ எடை, பகலெல்லாம் அசதி, சத்தமான குறட்டை மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் நோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரவில் நடுவில் மூச்சு நின்று பிறகு திணறி இழுக்கிறீர்களா என்று மனைவியிடம் கேளுங்கள். அதற்கான தூக்கப் பரிசோதனையை சேலத்திலோ பெங்களூரிலோ செய்துகொள்ளலாம். இந்த நோய் ஒன்றே அசதி, நாட்டக் குறைவு, விறைப்புக் குறைவு மூன்றையும் தரும். இதைச் சரி செய்யாமல் டெஸ்டோஸ்டிரோன் போட்டால் மூச்சு நிற்பது இன்னும் மோசமாகலாம்.

எடை 10 சதவீதம் குறைந்தாலே, உங்கள் கணக்கில் ஒன்பது கிலோ, டெஸ்டோஸ்டிரோன் தானாகக் கொஞ்சம் ஏறும். சர்க்கரையும் பின்வாங்கும். 6.3 என்பது இன்னும் சர்க்கரை நோய் அல்ல, ஆனால் வாசலில் நிற்கிறீர்கள். எங்கள் வீட்டில் களிதானே, அரிசி குறைவுதானே என்கிறீர்கள். களி நல்லதுதான். ஆனால் உருண்டை பெரிதானால் அதுவும் மாவுச்சத்துதான், கூடவே நைட் ஷிப்டில் குடிக்கும் ஐந்தாறு டீயின் சர்க்கரையையும் எண்ணிக்கொள்ளுங்கள். வேலையை விடச் சொல்ல நான் யார். ஆனால் தூக்க நோய் உறுதியானால் மருத்துவர் சான்றோடு நிரந்தரப் பகல் ஷிப்ட் கேட்டுப் பாருங்கள், கிடைத்தாலும் கிடைக்கும்.

சிறு வயதிலிருந்து போர் தண்ணீர் குடித்ததால் பல்லில் கறை இருக்கிறது, அதுதான் காரணமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது தெரிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். பல் கறைக்கும் முதுகு விறைப்புக்கும் அதைக் காரணம் சொல்லலாம். இந்த 238-க்கு அதன்மேல் பழி போட எனக்கு ஆதாரம் தெரியவில்லை. கண்முன்னே எடையும் தூக்கமும் இருக்கும்போது அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

விறைப்பு பற்றித் தனியாக ஒன்று. டெஸ்டோஸ்டிரோன் முக்கியமாகத் தூண்டுவது நாட்டத்தை. விறைப்பு என்பது பெரும்பாலும் ரத்தக் குழாய், நரம்பு, மனப் பதற்றம் சம்பந்தப்பட்டது. ஆணுறுப்புக்குப் போகும் குழாய்கள் இதயக் குழாய்களைவிட மெல்லியவை, அதனால் அடைப்பின் அறிகுறி அங்கே முதலில் தெரியலாம். ரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் பாருங்கள். சிகரெட்டை விடுங்கள். விறைப்புக்கென்று நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, விந்தணுவைக் கெடுக்காதவை. மருத்துவர் எழுதித் தந்தால் வாங்குங்கள், கடையில் பெயர் சொல்லி வாங்க வேண்டாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

இவ்வளவு சொன்னதால் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையே மோசடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் நிலை, பிட்யூட்டரிக் கட்டி, புட்டாளம்மை வந்து விரைகள் சுருங்கியவர்கள், கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்கள், இவர்களுக்கெல்லாம் இது அவசியமான மருந்து. போடாவிட்டால் எலும்பு தேயும், ரத்தம் குறையும், நாட்டம் வராது. அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியிருக்கும். எடையாலும் தூக்கத்தாலும் குறைந்தவர்களின் கதை வேறு. அங்கே காரணத்தைச் சரி செய்தால் பலருக்கு மருந்தே தேவைப்படாது. வீணாக ஊசியில் பழக்கிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், சொந்தச் சுரப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும், அதுவரை முன்பிருந்ததைவிட அசதியாக இருக்கும். ஊசி இல்லாமல் என்னால் முடியாது என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

இதயம் பற்றிக் கேட்டீர்கள். 2023-ல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில் இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள, 45 முதல் 80 வயதுக்குள்ளான 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஜெல் போட்டவர்களுக்கு, மருந்தில்லாத போலி ஜெல் போட்டவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. அந்த அளவில் நிம்மதி. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவது போலி ஜெல்லில் 2.4 சதவீதம், மருந்து ஜெல்லில் 3.5 சதவீதம், நுரையீரலில் ரத்தக் கட்டி அடைப்பதும் சற்றுக் கூடியது. அத்தனை பேரையும் இரண்டு முறை பரிசோதித்துக் குறைபாட்டை உறுதி செய்த பிறகே ஆய்வில் சேர்த்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சித்தப்பா பயப்படுவதுபோல இது புதிதாகப் புரோஸ்டேட் கேன்சரை உண்டாக்குகிறது என்பதற்கு இதுவரை நல்ல ஆதாரமில்லை. ஏற்கெனவே அந்தப் புற்றுநோய் இருந்தால் மருந்து கொடுப்பதில்லை. நடைமுறையில் அதிகம் பார்ப்பது ரத்தம் கெட்டியாவதை. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். அதனால் தொடங்கும் முன்பும், மூன்று முதல் ஆறு மாதத்திலும், பிறகு வருடம் ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் புரோஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் பார்ப்போம். உங்கள் பேக்கேஜில் இதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்னாளில் தேவைப்பட்டால் எந்த வடிவம் என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் இப்போதே: ஜெல் பூசினால், பூசிய இடம் சிறு குழந்தையின் தோலில் பட்டாலும் ஹார்மோன் அதன் உடம்புக்குள் போகும். மகள் மடியில் ஏறும் வயதில் இருக்கிறாள்.

கட்டிய பணமும் கேட்க வேண்டிய தாளும்

டெஸ்டோஸ்டிரோன் ஷெட்யூல் ஹெச் மருந்து, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், அவருடைய பதிவு எண் என்ன என்று கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள் மருத்துவர்களுக்குச் சொல்கின்றன. ரிப்போர்ட்டை எழுத்தில் கேளுங்கள், சிகிச்சை வேண்டாம் என்பதையும் பணத்தைத் திருப்பித் தரும்படியும் அதே கடிதத்தில் எழுதுங்கள். தராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அந்தப் பக்கம் வழக்கறிஞர் சொல்வதே சரியாக இருக்கும். தாம்பத்திய சக்தியைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டிய லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ் இன்றைக்குப் போனுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பரிசோதனைகள் எப்படி வந்தால் என்ன?

இரண்டு காலைப் பரிசோதனையும் சரியாக வந்தால் ஹார்மோனை மறந்துவிட்டு எடை, தூக்கம், விறைப்பு மூன்றையும் பாருங்கள். லேசாகக் குறைந்து எல்ஹெச்சும் சாதாரணமாகவோ தாழ்வாகவோ இருந்தால், பெரும்பாலும் எடையும் தூக்கமும்தான் காரணமாக இருக்கும். ஆறு மாதம் உழைத்துவிட்டுத் திரும்பப் பரிசோதிக்கலாம். தெளிவாகக் குறைவு, விந்தணுவும் குறைவு என்றால், விரைகளைத் தூண்டிச் சொந்தச் சுரப்பையே கூட்டும் வழிகள் இருக்கின்றன. ஹெச்சிஜி ஊசி, குளோமிஃபீன் மாத்திரை போன்றவை. எல்லாருக்கும் பொருந்தாது, ஹார்மோன் மருத்துவரோ ஆண் மலட்டுத்தன்மை பார்ப்பவரோ கவனித்துக் கொடுக்க வேண்டியவை. எல்ஹெச் மிக உயர்ந்து டெஸ்டோஸ்டிரோன் தரைமட்டமாக இருந்தால் விரைகளிலேயே கோளாறு. அப்போது குழந்தைக்கான வழியை முதலில் பேசி முடித்துவிட்டு, பிறகு டெஸ்டோஸ்டிரோனைத் தொடங்கலாம்.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். விந்துப் பரிசோதனைக்கும் குறட்டைக்கும் அவருடைய உதவி வேண்டும். தவிர, உங்கள் ஒதுக்கத்துக்கு அவர் இந்த ஒரு வருடமாக வேறு காரணம் ஏதாவது நினைத்துக்கொண்டிருக்கலாம்.

மச்சினன் விஷயமும் இருக்கிறது. ஜிம்மில் ஒருவர் தரும் ஊசியை அவரே போட்டுக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வயது 26, கல்யாணம் இன்னும் ஆகவில்லை. உங்களுக்குச் சொன்ன விந்தணுக் கணக்கு அவருக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே போடும் அளவு சிகிச்சை அளவைவிட அதிகமாக இருக்கும், புட்டியில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. திட்டாதீர்கள். திட்டினால் உங்களிடம் மறைப்பார். நிறுத்திய பிறகு வரும் சோர்வையும் மனத் தளர்ச்சியையும் தாங்காமல்தான் பலர் திரும்ப ஊசிக்குப் போகிறார்கள், அதனால் ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்தட்டும். நீங்கள் ரத்தம் கொடுக்கப் போகும் அதே காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.